அணைந்த அடுப்புக்கு அரை மார்க்

போன வாரம் சொஹினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கல்லூரியில் இப்போது அவள்தான் ஆங்கிலத் துறைத் தலைவி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவள். குரலில் ஒரே தேன். எனக்கு அப்போதே சந்தேகம்.

"ஜானகிதி, ஒரு சின்ன உதவி. இனிமே பேப்பர் திருத்தறது எல்லாம் கம்ப்யூட்டர்லதானாம். மொத ரவுண்டை அதுவே பாத்துடும், நமக்கு வேலை மிச்சம். அந்த ஐரிஷ் சிறுகதைப் பேப்பருக்குக் கீவேர்ட் கேக்கறாங்க. நீங்கதானே இத்தனை வருஷம் நடத்தினீங்க? சிம்பாலிசத்துக்குக் கொஞ்சம், ப்ளீக் டோனுக்குக் கொஞ்சம். எழுதி அனுப்பிட்டாப் போதும்."

அதாவது, இந்தக் கதைகளில் வரும் குறியீடுகளையும் அவற்றில் கவிந்திருக்கும் இருட்டையும் பற்றி ஒரு கேள்வி வரும். விடையில் எந்தெந்த வார்த்தை இருந்தால் மார்க் போடலாம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். இயந்திரம் அந்த வார்த்தைகளைத் தேடும். கிடைத்தால் மார்க், கிடைக்காவிட்டால் முட்டை.

நான் கத்திவிட்டேன். பக்கத்து ஃப்ளாட் வங்காளிப் பெண் ஜன்னலைத் திறந்து "கீ ஹோலோ மாஷிமா?", என்ன ஆச்சு மாமி, என்று கேட்கும் அளவுக்குக் கத்தினேன். சொஹினி பாவம், "இதுல கோவப்பட என்ன இருக்கு ஜானகிதி, வெறும் மெஷின்தானே" என்றாள். மெஷின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே நாங்கள் இப்படித்தான் திருத்திக்கொண்டிருந்தோம். மனிதர்கள், டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், குளிர்கால வெயிலில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே. அதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு வங்கி வேலை. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். எம்.ஏ., ஆய்வு எல்லாம் முடித்து முதல் வேலை சாந்த்ராகாச்சியைத் தாண்டி ஒரு கல்லூரியில் கிடைத்தது. லோக்கல் ரயிலில் நின்றபடி போய், கூரை ஒழுகும் வகுப்பறையில், சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். பிறகு தெற்குக் கல்கத்தாவில் ஒரு கல்லூரிக்கு வந்தேன். கடைசிவரை அங்கேதான்.

ஐரிஷ் சிறுகதைகளை நான் எப்போதும் மழைக்காலத்தில்தான் எடுப்பேன். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட கதைகள். விடாத தூறல், பழுப்பு நிறத் தெரு, மாதா கோயில் மணி, குடித்துவிட்டு வரும் சித்தப்பா, கடல் தாண்டிப் போனவர்கள், போக முடியாதவர்கள். கதை முடியாது, நின்றுவிடும். யாரும் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். எழுதியவரும் சொல்லமாட்டார். பூட்ஸ், விளக்கு, பழைய தொப்பி என்று ஏதோ ஒரு சாமான் மட்டும் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் பாடுபட வேண்டியிருக்கலாம். முழங்கால் தண்ணீரில் நடந்து, சுவரில் பூசணம் பிடித்த வீட்டிலிருந்து வரும் கல்கத்தாப் பிள்ளைக்கு விளக்குவதற்கு என்ன இருக்கிறது? அவர்கள் வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. அண்ணன் பெங்களூர் போய்விட்டான் என்பதை, யாரும் உட்காராத ஒரு நாற்காலியை வைத்துத்தான் அவர்களுக்குத் தெரியும்.

வகுப்பில் நான் சொன்னது இவ்வளவுதான்: குடை முதலில் குடையாக இருக்கட்டும். மழைக்குப் பிடிக்கட்டும், ஓட்டை இருந்தால் ஒழுகட்டும். அதன் பிறகு அது வேறு எதையாவது சொல்கிறதா என்று கேளுங்கள். இதைச் சொன்னதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. ஆனால் இதைக் கேட்டு எழுதிய பிள்ளைகள் தோற்றார்கள்.

பாடத்திட்டத்தில் ஒரு கதை இருந்தது. ஸ்டாஃப் ரூமில் அதை 'அடுப்புக் கதை' என்போம். எழுதியவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, வழக்கு அவர் மேல் இல்லை. ஒரு சின்ன ஊர். தானியக் கிடங்கில் குமாஸ்தாவாக ஒரு மனிதன். வீட்டில் மூத்த சகோதரி. கதவு திறந்திருந்தாலே பயந்து நடுங்குகிறவள், வெளியே வரமாட்டாள். நண்பன் ஒருவன் கடலுக்கு அப்பால் நல்ல வேலை பார்த்துக் கொடுக்கிறான். இவன் பெட்டி கட்டிக்கொண்டு மழையில் ரயில் நிலையத்துக்குப் போகிறான். வெயிட்டிங் ரூமில் கணப்பு அடுப்பு அணைந்து சாம்பலாகக் கிடக்கிறது. சுவரில் ஒரு கப்பல் படம், ஈரத்தில் உரிந்து தொங்குகிறது. உட்கார்ந்திருக்கிறான். ரயில் வருகிறது, போகிறது. எழுந்து வீட்டுக்கு நடக்கிறான். அக்கா தூங்கினாலும் தூங்கலாம் என்று வாசலிலேயே பூட்ஸைக் கழற்றுகிறான். உள்ளேயிருந்து அவள், "இன்னும் மழை பெய்கிறதா?" என்று கேட்கிறாள். "விடப்போகிறது" என்கிறான். மழை விடுவதாக இல்லை. கதை அங்கே நிற்கிறது.

இப்போது பரிதோஷ்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'தா' என்றால் அண்ணா, 'ஜானகிதி'யில் வரும் 'தி' அக்கா. வடக்குப் பக்கம் ஒரு பெரிய கல்லூரியில் பேராசிரியர். இந்தப் பேப்பருக்கு வருஷா வருஷம் அவர்தான் தலைமைத் தேர்வாளர். அலிப்பூரில் ஒரு கல்லூரி ஹாலில் நாங்கள் எல்லோரும் கூடிப் பேப்பர் திருத்துவோம். குளிர்காலம். ஜன்னல் ஓரம் வெயில் விழும் மேஜை அவருடையது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பஞ்சாபி ஜிப்பா, தோளில் சால்வை, மேஜையில் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சு. குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. ஆரஞ்சை உரித்து, சுளையில் ஒரு வெள்ளை நார் இல்லாமல் எடுத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டுவார். "எடுத்துக்கோ, சாப்பிடு ஜானகி. பேப்பர் எங்கே போயிடும்?" அப்படிச் சொல்லிக்கொண்டேதான் ஒரு பிள்ளையை ஃபெயில் ஆக்குவார். கத்துகிறவரோடு சண்டை போடலாம். இந்த ஆளோடு எங்கே பிடித்துச் சண்டை போடுவது?

முதல் நாள் காலையில் அவர் ஒரு தாள் கொடுப்பார். கீ பாயிண்ட். அணைந்த அடுப்பு, தேசத்தின் முடக்கம், அரை மார்க். சாம்பல், ஆன்மாவின் மரணம், அரை மார்க். உரிந்த கப்பல் படம், பொய்க் கனவு, அரை மார்க். பூட்ஸ், கால் விலங்கு, அரை மார்க். மழை, அழுகல், அரை மார்க். 'பாராலிசிஸ்' என்ற வார்த்தை வந்துவிட்டால் தனியாக ஒரு மார்க். ப்ளீக் டோன் என்று ஒரு பத்தி, அதில் 'கோழைத்தனம்' வந்தால் நல்லது. இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரியும். காலேஜ் ஸ்ட்ரீட்டில் விற்கும் கைடு புத்தகத்திலிருந்து வந்தது. கைடை எழுதியவரும் பரிதோஷ்தாதான்.

பிள்ளைகளுக்கும் இது தெரியும். டியூஷன் வாத்தியார்கள் பரீட்சைக்கு முன்னால் 'சஜெஷன்' என்று விற்பார்கள்: இந்த வருஷம் இந்தக் கேள்வி வரும், இந்த விடையை நெட்டுரு போடு, முக்கியமான வார்த்தைகளை ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடு. ஸ்கேல் வைத்து. கையால் போட்டால் வளையும், தேர்வாளர் கண்ணில் படாது. எங்கள் ஆட்கள் விடையைப் படிக்க மாட்டார்கள். விரலை ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுப்பார்கள். அடிக்கோடு வந்த இடத்தில் டிக். பக்கத்தைத் திருப்பு. அரட்டை நடந்துகொண்டே இருக்கும். மருமகளைப் பற்றி, டி.ஏ. பற்றி, பூஜைக்கு எங்கே போனோம் என்பதைப் பற்றி. நான் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். "ஜானகிக்குக் கடைசி பஸ் போயிடும்" என்று சிரிப்பார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு வித்யா என் வகுப்பில் படித்தாள். கார்டன் ரீச்சில் வீடு. அப்பா அங்கே ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்வாள், போனதில்லை. தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். தோழிகள் அவளை வங்காள உச்சரிப்பில் 'பித்யா' என்பார்கள், அதற்கும் திரும்பிப் பார்ப்பாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் கதையைப் படித்துவிட்டு வருகிறவர்கள் வகுப்பில் ஒரு சிலர்தான், அவர்களில் அவள் ஒருத்தி.

ரிசல்ட் வந்தபோது மற்ற எல்லாப் பேப்பரிலும் நல்ல மார்க், இந்தப் பேப்பரில் ஃபெயில். எம்.ஏ.வில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது, ஆனால் இந்தப் பேப்பரைத் தாண்டினால்தான் அது நிலைக்கும். விடைத்தாளின் நகல் கேட்டு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் மேஜையில் விரித்து வைத்தாள். வேறு ஏதோ கல்லூரி ஆசிரியர் திருத்தியது. அடுப்புக் கதைக்குத்தான் பெரிய கேள்வி. அதில் அவள் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படி:

'வெயிட்டிங் ரூமில் அடுப்பு அணைந்திருப்பதற்குக் காரணம், அங்கே உட்காருகிறவர்களுக்காக யாரும் கரி போடுவதில்லை என்பதே. அந்த மனிதன் குளிரில் உட்கார்ந்து யோசிக்கிறான். யோசித்து முடித்ததும் வீட்டுக்குப் போகிறான். அவன் அழுவதாகக் கதையில் இல்லை. அவன் தோற்றுவிட்டான் என்று முடிவு கட்டுவது நாம்தான், ஏனென்றால் ஊரைவிட்டுப் போகாதவன் தோற்றவன் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மழை விடவில்லை. விடப்போகிறது என்று அக்காவிடம் பொய் சொல்கிறான். இந்தக் கதையில் ஒருவர் இன்னொருவரிடம் அன்பாகச் சொல்லும் வார்த்தை அது ஒன்றுதான்.'

ஒரு அடிக்கோடுகூட இல்லை. ஓரத்தில் பச்சை மையில் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் 'பாயிண்ட்ஸ் இல்லை'. பச்சை மை தலைமைத் தேர்வாளருடையது. பதினைந்துக்கு இரண்டு.

அவள் சொன்னதையெல்லாம் நான் ஒப்புக்கொள்வேன் என்று சொல்லவில்லை. எனக்கு அந்தக் கதை இருட்டுத்தான். அந்த மனிதன் இனி எங்கும் போகப்போவதில்லை, அந்த அக்கா கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கப்போகிறாள். வகுப்பில் இதை வைத்து அவளோடு ஒரு மணி நேரம் வாதாடியிருப்பேன், சந்தோஷமாக. வாதாடத் தகுந்த விடையை எழுதியவளுக்கு இரண்டு மார்க். 'சாம்பல்' என்று எழுதி ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தவனுக்குப் பன்னிரண்டு.

"ரிவ்யூவுக்குப் போடு, நான் பேசறேன்" என்றேன். அவள் தலையாட்டினாள், போகவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டாள்.

"மேம், நான் கைடு படிச்சேன். எனக்கு அதெல்லாம் தெரியும். எழுத முடியலை."

"ஏன்?"

"எங்க அத்தை எங்ககூடத்தான் இருக்காங்க. அப்பாவோட அக்கா. வெளிய வர மாட்டாங்க மேம். எப்பவுமே. நான் ஸ்கூல் படிக்கறப்ப அப்பாவுக்கு ப்ரொமோஷன் வந்திச்சு, சென்னைக்கு. அத்தையை ட்ரெயின்ல ஏத்த முடியாது, தனியா விடவும் முடியாது. அப்பா வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டார். அதுக்கப்புறம் அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்க எல்லாம் அவருக்கு மேல போயிட்டாங்க. சென்னைல இருக்கற பெரியப்பா எல்லாம் இன்னும் சிரிக்கறாங்க, பொழைக்கத் தெரியாத ஆளுன்னு. கைடுல அந்த மனுஷனைச் செத்த பிணம்னு போட்டிருக்கு மேம். கோழைன்னு போட்டிருக்கு. நான் எப்படி மேம் அதை எழுதுவேன்?"

முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். மறுநாளே அலிப்பூருக்குப் போனேன்.

அடுத்த பரீட்சைப் பேப்பர் திருத்தல் நடந்துகொண்டிருந்தது, பரிதோஷ்தா அதே மேஜையில் இருந்தார். மண் குவளையில் டீ வரவழைத்தார். ஆரஞ்சு நீட்டினார், நான் வாங்கவில்லை. நகலை அவர் முன்னால் வைத்தேன். எங்கள் பேச்சு பாதி வங்காளத்திலும் பாதி ஆங்கிலத்திலும் நடந்தது, தமிழில் தருகிறேன். அவர் முழுதாகப் படித்தார், அதைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டாம் தடவையும் படித்தார்.

"பொண்ணு புத்திசாலி," என்றார்.

"அப்ப மார்க் போடுங்க."

"எதுக்குப் போடறது? கேள்வி சிம்பாலிசம். இவ அடுப்புக்குக் கரி போடலைங்கறா."

"கரி போடலைதானே?"

"அது ரயில்வே நிர்வாகம், ஜானகி. நாம இலக்கியம் நடத்தறோம்." மெல்லச் சிரித்தார். "அப்புறம் ப்ளீக் டோன். இருட்டைப் பத்தி எழுதச் சொன்னா, இவ அன்புங்கறா. அன்புல முடிஞ்சா அது எப்படி அந்தக் காலத்து ஐரிஷ் கதையாகும்?"

"அவன் அக்காவைப் பாத்துக்கத் திரும்பி வந்தான் பரிதோஷ்தா. அது உங்களுக்கு முடக்கமாத் தெரியுதா?"

"வேறென்ன? ரயில் வந்துச்சு. இவன் ஏறலை." ஒரு சுளையை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தார். "என் பையனுக்கு அமெரிக்காலேர்ந்து லெட்டர் வந்த அன்னைக்கு அவங்க அம்மாவுக்கு நூத்திரண்டு ஜுரம். நான்தான் போடான்னேன். போனான். இன்னைக்கு எங்கே இருக்கான் பாரு. போறவன் போகணும், அதுதான் வாழ்க்கை. போகாதவனைப் பத்தித்தான் இந்தக் கதையெல்லாம் எழுதினாங்க."

அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும், அவருடைய மகன் வந்து பல வருஷமாகிறது என்று. அதைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி வாய் வரை வந்தது. சொல்லவில்லை, நல்லதனத்தால் அல்ல, சொன்னால் வித்யாவின் பேப்பர் ஒழிந்தது என்ற பயத்தால்.

"பதினைஞ்சுக்கு ஏழு போடுங்க. பாஸாகட்டும்," என்றேன். பிச்சைதான் கேட்டேன்.

"இவளுக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் தோணினதை எழுதுவாங்க. எதை வெச்சுத் திருத்தறது? ஆயிரக்கணக்கில பேப்பர் வருது. ஒரு ஒழுங்கு வேணும். நீ வகுப்புல என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியும், குடை குடையா இருக்கட்டும். கேட்க நல்லா இருக்கு. ஆனா பலன் யாருக்கு? பொண்ணை சப்ளி எழுதச் சொல்லு. பாயிண்ட் எழுதச் சொல்லு. அவளாலே முடியும்."

"கதையைப் படிச்சவளுக்கு ரெண்டு, படிக்காதவனுக்குப் பன்னிரண்டு. வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

யாரோ இருமினார்கள். பரிதோஷ்தா கோபப்படவில்லை. அந்த மனிதரிடமிருந்து ஒரு தடவையாவது கோபம் வந்திருந்தால் நான் கொஞ்சம் மன்னித்திருப்பேன். சுளையை என் பக்கம் நகர்த்தி, "சேடே தாவ், ஜானகி," என்றார். விட்டுவிடு என்று அர்த்தம்.

ரிவ்யூ முடிவு 'மாற்றமில்லை' என்று வந்தது. துறைத்தலைவருக்கும் மேலே இரண்டு இடத்துக்கும் எழுதினேன். பதில் வந்தது ஒரு இடத்திலிருந்து, விதிமுறைப்படி எல்லாம் சரியாக நடந்திருக்கிறது என்று. உண்மைதான். விதிமுறைப்படிதான் எல்லாம் நடந்தது.

வித்யாவுக்கு இனி சப்ளி, அதாவது மறுதேர்வு, ஒன்றுதான் வழி. அதில் தேறாவிட்டால் எம்.ஏ. இடம் கைநழுவிப் போகும். நான் கைடு சொல்லித்தர மாட்டேன் என்று அவளிடம் கறாராகச் சொன்னேன். "உனக்குத் தோணினதைத் தெளிவா எழுது, மத்த கேள்வில மார்க் சேர்த்துக்கலாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. உத்தியோகம் உறுதியான ஒருத்தி, உத்தியோகம் இல்லாத ஒருத்திக்கு வீரம் சொல்லிக்கொடுக்கிறாள் என்கிற பார்வை. சரியான பார்வைதான்.

சப்ளி ரிசல்ட் வந்த அன்று போன் செய்தாள். நல்ல மார்க். அந்தக் கேள்விக்குப் பதினைந்துக்குப் பதிமூன்று இருக்கும் என்றாள். குரல் தட்டையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும், அப்பா சொல்லச் சொன்னார் என்றாள்.

கார்டன் ரீச்சில் அவர்கள் வீடு முதல் மாடி. வித்யாவின் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னார். அப்பா ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, வேட்டி, வந்தவர்களுக்கு மின்விசிறியைத் திருப்பி வைப்பதிலேயே குறியாக இருந்தார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இலை போடவில்லை, தட்டில்தான். வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கும். அவரே பரிமாறினார்.

"மேடம், மொதத் தடவை இவ எழுதினது சரியில்லைன்னாங்க. இந்தத் தடவை அள்ளிப் போட்டிருக்காங்க. அப்படி என்னதான் எழுதினேன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கா. நீங்களாவது சொல்லுங்க, அது என்ன கதை?"

வித்யா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷம் நடத்திய கதை. தமிழில் சொன்னது அன்றுதான். குமாஸ்தா, அக்கா, பெட்டி, ரயில் நிலையம், அணைந்த அடுப்பு. அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார்.

"அந்த அக்காவுக்கு வேற ஆள் கிடையாதா?"

"கிடையாது."

"ரயில் போயிட்டுதா?"

"போயிட்டுது."

"இவர் வீட்டுக்கு வந்துட்டாரா?"

"வந்துட்டார்."

"நல்ல வேளை," என்றார். என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். "இதுல என்ன கேள்வி கேப்பாங்க?"

வித்யாதான் பதில் சொன்னாள். "அவர் ஏன் போகலைன்னு கேப்பாங்கப்பா."

"அதான் கதையிலயே இருக்கே."

"நான் அவர் கோழைன்னு எழுதினேன்ப்பா." அவள் தலையைத் தூக்கவில்லை. "உயிரோட இருக்கற பிணம்னு எழுதினேன். அப்படி எழுதினாத்தான் மார்க்."

அவர் நின்றது நின்றபடி அவளையே பார்த்தார். சமையலறையில் தண்ணீர்க் குழாய் நின்றது.

"மார்க் போட்டாங்கள்ல?" என்றார் அவர்.

"போட்டாங்க."

"எம்.ஏ. சீட்டு உறுதிதானே?"

"உறுதிப்பா."

"அப்பச் சரி. சாப்பிடு, ஆறிடும்."

அவளுக்குக் குழம்பு ஊற்றினார். பிறகு ஒரு தனித் தட்டில் சோறு போட்டு, நன்றாகப் பிசைந்து, உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக நசுக்கிவைத்து, உள் அறைக் கதவை ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. வித்யா சாப்பிட ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா வந்து எனக்கு மோர் வேண்டுமா என்று கேட்டார். அந்த வீட்டில் அன்றைக்குக் கோபமாக இருந்தவள் நான் ஒருத்திதான்.